கயிறு கேட்காத பாஞ்சாலி

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாஞ்சாலியின் கண் பரணுக்குப் போய்விடும். வீட்டுக்காரர்கள் "வாம்மா, உக்காரு" என்று சொல்லி முடிப்பதற்குள், மேலே எத்தனை மூட்டை, எது நேற்று ஏற்றியது, எது பத்து வருஷமாக யார் கையும் படாதது, எதன் மேல் எலிப் புழுக்கை, எதன் மேல் வெறும் தூசி என்று எல்லாம் மனதில் பதிந்திருக்கும். அப்புறம்தான் மனிதர்களைப் பார்ப்பார். பார்த்து, வாய் நிறையச் சிரித்து, "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்பார். முதல் நாள் அந்தத் தண்ணீரைத் தவிர வேறு எதையும் அந்த வீட்டிலிருந்து அவர் வாங்க மாட்டார். பரணில் தங்கமே கொட்டிக் கிடந்தாலும் சரி.

திண்டிவனத்தில் ஓட்டம் நின்றுபோன ஓர் அரிசி ஆலையைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, 'நடுநாட்டு ஆவண நூலகம்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் ஒரு கண்ணாடிப் பேழை. அதன் மேல் 'புதிய வரவுகள்' என்று எழுதியிருக்கும். பேழைக்குள் புதியதாக ஒன்றும் இருக்காது. அறுபது வருஷத்துக் கல்யாணப் பத்திரிகை, கூத்து நோட்டீஸ், பிரசவம் பார்த்த நர்ஸம்மாவின் டைரி, பள்ளிக்கூட ஆண்டுவிழாப் படம். அவற்றில் முக்கால்வாசி பாஞ்சாலி சுமந்துகொண்டு வந்தவை. அவருடைய வேலைக்குக் காகிதத்தில் 'கள உதவியாளர்' என்று பெயர். அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்காது. "பழசு வாங்குற பொம்பளன்னு சொல்லு, போதும். உதவியாளர்னா ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றேன்னு நெனச்சிக்கினு ஊசி இருக்குதான்னு கேக்குறாங்க."

இதற்கு முன் பத்தொன்பது வருஷம் அவர் பாத்திரக்காரி. தலையில் கூடை, கூடையில் எவர்சில்வர் தட்டும் பிளாஸ்டிக் குடமும். பழைய துணியைக் கொடுத்தால் பாத்திரம் கிடைக்கும். கிளியனூர் பக்கம் ஒரு நாள், செஞ்சிப் பக்கம் ஒரு நாள், கண்டாச்சிபுரம் சந்தைக்கு ஒரு நாள் என்று வெயிலில் நடந்து நடந்து, எந்த வீட்டில் எந்தப் பெட்டியை எந்த மருமகள் கொண்டுவந்தாள் என்பதுவரை அவருக்கு அத்துப்படி.

நூலகத்தின் பொறுப்பாளர் அறிவுச்செல்வன் சென்னையில் படித்தவர், நல்ல மனிதர். வந்த புதிதில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு தானே ஊர் ஊராகப் போனார். "பழைய பத்திரம், ஓலை ஏதாவது இருக்குதுங்களா?" என்று கேட்டார். நிலம் எடுக்க வந்தவர் என்று ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. ஒரு வீட்டில் மட்டும் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அப்போது அடுத்த வீட்டு வாசலில் கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்த பாஞ்சாலி, "யோவ், அவரு வாத்தியாரு மாதிரி இருக்காரு, நாயப் புடிங்கய்யா" என்று சத்தம் போட்டார். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் அந்த வீட்டிலிருந்தே மூன்று கட்டுக் காகிதம் கீழே இறங்கியது. மறுவாரம் கூடை நூலகத்தின் மூலைக்குப் போய்விட்டது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. அறிவுச்செல்வன் அதற்கும் வரவு எண் போட்டுவிட்டார்.

பதினோரு வருஷமாகிறது. பாஞ்சாலிக்கு இப்போது ஐம்பத்து நான்கு வயது. தோளில் ஒரு ரெக்சின் பை. பைக்குள் இரண்டு மூக்குக் கண்ணாடி, மெல்லிய பிரஷ் ஒன்று, வெள்ளைத் துணியில் தைத்த பைகள், ஒரு டிபன் பாக்ஸ். கையில் மடக்காத குடை. மழைக்கு அல்ல. பீரோ மேலே எட்டாத இடத்தைத் தட்டிப் பார்க்க. தட்டுகிற சத்தத்திலேயே உள்ளே துணியா காகிதமா என்று சொல்லிவிடுவார். நூலகத்தில் கொடுத்த கையுறையை ஒரே ஒரு நாள் போட்டார். "கையில துணி கட்டிக்கினு எப்பிடி சார் துணியப் பாக்கறது?" என்று கழற்றி வைத்தவர்தான்.

கரையான், வெள்ளம், லேமினேஷன் கடை என்று மூன்று பேரைச் சொல்லித் திட்டுவார். முதல் இரண்டையும் கடவுள் படைத்தார், மன்னித்துவிடலாம் என்பது அவர் கட்சி. கிளியனூரில் ஒருவர், இவருக்குக் கொடுப்பதற்காகவே தாத்தா காலத்து நாடக நோட்டீஸை ஆசையாக எடுத்துப்போய் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஒட்டி, பளபளவென்று நீட்டினார். பாஞ்சாலி அதைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "நல்லா ஜொலிக்குதுங்க" என்று மட்டும் சொன்னார். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் வாயைத் திறந்தார். அந்த வசவை இங்கே எழுத முடியாது.

அவசரப்பட மாட்டார். மேல்சித்தாமூரில் ஒரு சமண நயினார் வீட்டுக்கு எட்டு மாதம் நடந்தார். ஒவ்வொரு முறையும் அந்த வீட்டம்மா பொழுது சாய்வதற்குள் சாப்பிட வைத்து அனுப்பினாரே தவிர, பெட்டியைத் திறக்கவில்லை. ஒன்பதாவது மாதம் அவர்களே பெட்டியை நடுவீட்டில் இறக்கி வைத்து, "நீயே பாத்து எடுத்துக்கம்மா" என்றார்கள். "ஜல்தியா கேட்டா ஜல்தியா இல்லம்பாங்க" என்பது பாஞ்சாலி சித்தாந்தம்.

ஆனால் இந்தப் பதினோரு வருஷத்தில் அவருக்கும் அறிவுச்செல்வனுக்கும் தீராத வழக்கு ஒன்று உண்டு. அது கயிற்று வழக்கு.

நம் பக்கத்தில் மாடு விற்கிறவர்கள் மாட்டைத்தான் கொடுப்பார்கள், கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவந்து மாற்றி ஓட்டிக்கொண்டு போக வேண்டும். பழைய கயிறு மாட்டுக் கொட்டகையிலேயே முளையில் தொங்கும். கயிறும் கூடப் போனால் மிச்ச மாடும் பின்னாலேயே போய்விடும் என்று நம்பிக்கை. பாஞ்சாலி இந்த முறையை அப்படியே காகிதத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். ஓலையை எடுப்பார், ஓலை இருந்த பெட்டியை வீட்டிலேயே விடுவார். கடிதக் கட்டை எடுப்பார், கட்டியிருந்த நூலை அவிழ்த்து வீட்டுக்காரம்மா கையில் கொடுப்பார். தன் பையிலிருந்து வெள்ளைத் துணிப்பையை எடுத்து அதில் பொருளைப் போட்டுக்கொண்டு, "மாடு என்னுது, கயிறு உங்களுது" என்பார். அதைக் கேட்டதும் கொடுத்தவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். வீட்டை விட்டு ஏதோ போய்விட்டதே என்ற நெருடல் அடங்கிவிடும். பாஞ்சாலி கயிறு கேட்க மாட்டார் என்ற பேர்தான் அத்தனை ஊர்க் கதவையும் அவருக்குத் திறந்துவிட்டது.

அறிவுச்செல்வனுக்கு இது தலைவலி. "பாஞ்சாலிம்மா, எந்தத் துணியில சுத்தியிருந்துச்சு, எதால கட்டியிருந்துச்சு, அதுவும் ஆவணம்தாம்மா. அதையும் எடுத்துக்கிட்டு வாங்க" என்பார். "சரி சார்" என்பார் பாஞ்சாலி. பதினோரு வருஷமாகச் சரி சார்தான். ஒரு நூல்முனைகூட வந்ததில்லை. கடைசியில் அவர் ஒரு கைப்பேசியை வாங்கிக் கொடுத்து, எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரு படமாவது எடுத்துவிடச் சொன்னார். அதை மட்டும் பாஞ்சாலி ஒழுங்காகச் செய்தார். அதனால்தான் இந்தக் கதையே நடந்தது.

போன மாசியில், கண்டாச்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர். பெயரை எழுத வேண்டாம் என்று பாஞ்சாலியே சொல்லிவிட்டார். அங்கே துரைக்கண்ணு என்று எழுபது வயது விவசாயி. அவர் வீட்டுக்கு ஐந்தாம் முறை போனபோது, மனைவி அம்மணி பரணிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினார். உள்ளே நாற்பத்து மூன்று ஓலை ஏடுகள். அந்த ஊர் ஏரித் தண்ணீர் எந்தக் கழனிக்கு எந்த நாளில் எத்தனை நாழிகை பாய வேண்டும் என்று எழுதியவை. சுற்றியிருந்தது மடித்த பழைய வேட்டி. வேட்டியின் ஒரு முனையில் முடிந்திருந்த தேங்காய் நார்க் கயிற்றாலேயே மூட்டையைக் கட்டியிருந்தார்கள். பாஞ்சாலி படம் எடுத்தார். ஓலையை எடுத்துக்கொண்டார். வேட்டியையும் கயிற்றையும் அம்மணியின் கையில் கொடுத்து, "மாடு என்னுது, கயிறு உங்களுது யக்கா" என்றார். அம்மணி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எல்லாம் முறைப்படி நடந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. அறிவுச்செல்வன் அந்தப் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பாஞ்சாலியைக் கூப்பிட்டார். வேட்டியின் மடிப்புக்குள்ளே நீல நிறத்தில் ஒரு பெருவிரல் ரேகை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்றின் பாதி. அதற்கு மேலே, மடிப்பில் பாதி மறைந்தபடி, 'பிள்ளைக்குப் பால்' என்று நீல எழுத்து.

"இந்தத் துணி எங்கம்மா?"

பாஞ்சாலி இரண்டாவது கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு பார்த்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவருக்குத் தன் கண்மேலேயே கோபம் வந்தது. பரண்மேல் இருப்பதைக் கீழிருந்தே பார்க்கிற கண், கையிலேயே பிடித்திருந்த துணியைப் பார்க்கவில்லை. அதுவும் பத்தொன்பது வருஷம் பழைய துணி வாங்கிய கை. கிழிசலா, நல்லதா என்று மட்டும் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

"நாளைக்கு வெள்ளிக்கெழம சார்," என்றார். "பழைய துணிக்குப் பிளாஸ்டிக் வாளி குடுக்குறவன் வேன் போட்டுக்கினு அந்த ஊருக்கு வருவான். நானே காட்டுன ரூட்டு."

அடுத்த விழுப்புரம் பஸ்ஸுக்குப் புறப்பட்டுவிட்டார். வாசல் வரை வந்த அறிவுச்செல்வன், "இந்த ஒரு தடவையாவது கயிறோட கொண்டு வாங்கம்மா" என்றார்.

"சரி சார்."

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வரவில்லை. கொடுத்த கயிற்றைத் திருப்பிக் கேட்பதா? கண்டாச்சிபுரத்தில் காலையில் ஒரு வார்த்தை சொன்னால் சாயங்காலத்துக்குள் செஞ்சி வரை போய்விடும். பாஞ்சாலி இப்போதெல்லாம் கயிற்றையும் கேட்கிறாள் என்று பேர் வந்துவிட்டால், அதற்கப்புறம் எந்த வீட்டிலும் தண்ணீரோடு சரி. ஆனால் அந்த ஓலையில் ஊரின் அத்தனை கழனியும் இருக்கிறது, கழனிக்காரர் பெயரும் இருக்கிறது. அந்தக் கழனிகளில் நாற்று நட்டவர் ஒருவர் பெயர்கூட இல்லை. அப்படிப்பட்டவர்கள் பெயர் எழுதிய காகிதம் எந்தப் பரணிலிருந்தும் பாஞ்சாலிக்கு இதுவரை இறங்கியதில்லை. இறங்கியது அந்த ஒரு துணிதான். அதைத்தான் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். விழுப்புரத்தில் இறங்கி கண்டாச்சிபுரம் பஸ் மாறுவதற்குள் முடிவு செய்துவிட்டார். பேர் போனால் போகட்டும், கேட்டுவிடுவது.

அம்மணி வாசலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துக்கொண்டிருந்தார். துணி பத்திரமாக இருந்தது. முறை தெரிந்தவர் ஆயிற்றே. மாட்டுக் கொட்டகையில், முன்பு விற்ற மூன்று மாடுகளின் கயிறுகளுக்குப் பக்கத்திலேயே, நான்காவது கயிறாக அதைத் தொங்கவிட்டிருந்தார். பாஞ்சாலிக்கு மூச்சு வந்தது. "யக்கா, அந்தத் துணிய ஒருவாட்டி பிரிச்சிப் பாத்துடலாமா?" என்றார்.

கட்டிலில் விரித்தார்கள். மோட்டார் கொட்டகையிலிருந்து வந்த துரைக்கண்ணு, தோளில் துண்டோடு நின்று உரக்கப் படித்தார். படிக்கப் படிக்கக் குரல் இறங்கியது. "நடவுப் பெண்கள் கேட்கிறோம். உச்சிப்பொழுதில் பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கரையேற விட வேண்டும்." அதன் கீழே வரிசையாகப் பதினோரு நீலப் பெருவிரல் ரேகைகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பெயர்.

துரைக்கண்ணு விரலால் நீலத்தைத் தொட்டார். "இது பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு அடிக்கிற பெயின்ட்டு. எங்க வூட்டு டப்பாவுலேர்ந்துதான் எடுத்துக்கினு போனாளுங்க." கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "நாப்பத்தாறு வருஷம் ஆவுது. ஏரிக்கர புளியமரத்துல கட்டினாங்க. பத்து நாளு ஒருத்தியும் கழனியில கால் வெக்கல. எங்கப்பா அறுத்துக்கினு வாடான்னாரு. நாந்தான் மரத்துல ஏறி அறுத்தேன்." அவர் காட்டிய முனையில் அரிவாள் பட்ட இடம் நேராக இருந்தது. மறுமுனையில் மட்டும் நார்க் கயிறு அன்று போட்ட முடிச்சோடு அப்படியே இருந்தது.

"நல்ல துணி, வீணாவ வாணாம்னு மாமியாதான் ஓலைக்குச் சுத்துனாங்க," என்றார் அம்மணி. "எழுத்து உள்பக்கம் போற மாதிரி மடிச்சி."

பாஞ்சாலி துணியைக் கேட்டதும் துரைக்கண்ணு எழுந்துவிட்டார். "வாணாம் பாஞ்சாலி. இத்த நீ கண்ணாடிக்குள்ள மாட்டுவ. பாக்குறவன் இன்னா சொல்லுவான்? புள்ளைக்குப் பாலு குடுக்க வுடாத பாவிங்கன்னு காறித் துப்புவான். எங்கப்பா செத்து முப்பது வருஷம் ஆவுது. கயிறு எங்களுதுன்னு நீதான நேத்து சொன்ன? எங்களுத நாங்க வெச்சிப்போம், கொளுத்துவோம். அது எங்க இஷ்டம்."

தன் சொல்லே தன்னைத் திருப்பி அடித்தால் மற்றவர்கள் தடுமாறுவார்கள். பாஞ்சாலி ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, அண்ணாந்து முழுக்கக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கயிறு உங்களுதுதாண்ணா. இல்லன்னு சொல்லுவனா? மாடு குடுத்தவங்களுக்குத்தான் கயிறு. ஆனா இது நீங்க குடுத்த மாட்டோட கயிறு இல்லியே. காலனிப் பொம்பளைங்க மாட்டோடது. அடுத்தவங்க மாட்டுக் கயிறு நம்ம கொட்டாயில தொங்குனா வூட்ல பேஜாரு ஓயாதுன்னு சொல்லுவாங்க."

"யாரு சொன்னது?"

"எல்லாருந்தான் சொல்லுவாங்க."

அப்படி ஒரு சாஸ்திரம் உண்டா என்று பிற்பாடு நான்கு ஊரில் விசாரித்தாயிற்று. இல்லை. அதைப் பாஞ்சாலியிடமே சொன்னபோது அவர் அசரவில்லை. "இல்லன்னா இன்னா? இன்னியிலேர்ந்து இருக்கட்டும்" என்றார்.

அது புதுச் சாஸ்திரம் என்று அம்மணிக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். மடியிலிருந்த மல்லாட்டைத் தோலை உதறிவிட்டு எழுந்தார். புருஷனைப் பார்த்துப் பேசினார். "அவ சொல்றது சரிதான். அப்ப பெரியவன் எனக்குக் கைப்புள்ள. நானு வூட்டுக்குள்ள உக்காந்துக்கினு பாலு குடுப்பேன். அவங்க புள்ளைங்க வரப்புல கெடந்து கத்துறது இங்க வரைக்கும் கேக்கும். எனக்கு மாரு வலிக்கும். யாருகிட்ட சொல்றது? பதினோராம் நாளு உங்கப்பாவே போயி, ஏறுங்கடி கரையன்னு சொல்லலியா? கேட்டாங்க, குடுத்தாரு. ரெண்டையும் எழுதச் சொல்லு. இதுல இன்னா மானம் போவுது?"

அந்த ஊரில் இன்றும் உச்சிப்பொழுதுக்குப் பால்வேளை என்றுதான் பெயர். பிள்ளை கல்லூரிக்குப் போகிற பெண்கள்கூடப் பால்வேளைக்குக் கரையேறி உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார்கள். பாஞ்சாலியும் அந்தச் சொல்லைப் பல தடவை கேட்டிருக்கிறார். பால் சொசைட்டிக்கு ஊற்றுகிற நேரம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். இப்போதுதான் அதற்கு வேர் கிடைத்தது.

துரைக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எங்கப்பா குடுத்தாருன்னு கட்டாயம் எழுதணும்," என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மோட்டார் கொட்டகைக்கு நடந்தார். அம்மணி துணியை மடித்துக் கொடுத்தார். "வெச்சிருந்தது அம்மணின்னு போடு. அது போதும். சரி, அப்ப எங்க ஓலைக்குக் கயிறு?"

பாஞ்சாலி இதை யோசித்திருக்கவில்லை. "ஏட்டுக்குள்ள கோத்திருக்குற நூலு இருக்குதில்ல யக்கா, அடுத்த வாரம் அத்தக் கொண்டாந்து உன் கையில குடுக்குறேன்" என்றார். கொடுத்தும்விட்டார். ஓலைகளில் இப்போது புதுப் பருத்தி நூல் இருக்கிறது. அதைப் பற்றி அறிவுச்செல்வனிடம் யாரும் பேச்செடுக்க வேண்டாம்.

துணி கைக்கு வந்துவிட்டது. பஸ் ஏறியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் ஏறியிருப்பார்கள். பாஞ்சாலி காலனிக்கு நடந்தார்.

மாதா கோயிலுக்குப் பின்னால், துணியில் பெயர் இருந்த சவுரியம்மாளின் வீடு. எழுபத்திரண்டு வயது. ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தவர், விரித்த துணியைப் பார்த்ததும் கையிலிருந்த தழையைக் கீழே போட்டார். அழவில்லை. கோபம்தான் வந்தது. "எங்கடி இருந்துச்சி இது? எங்க தம்பி சவுரிராயன் வேட்டிடி இது! கோயிலுக்குக் கட்டிக்கினு போற வேட்டி. ஞாயித்துக்கெழம பூசைக்கு வேட்டி இல்லாம அவன் பட்ட பாடு!" தம்பி, கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாராக இருந்தவர். எழுதியதும் அவர்தான். இப்போது இல்லை.

சவுரியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ரேகைகளின் மேல் விரலை வைத்து இடமிருந்து வலமாகச் சொல்லிக்கொண்டே போனார். "நடவு நட்ட வரிசையிலயே வெச்சோம். வரப்போரம் அஞ்சம்மா. அவளுக்கு இந்தாண்ட நானு. எனக்கு இந்தாண்ட அவ நாத்தனா..." பாஞ்சாலி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்திலிருந்த எழுத்தைப் படித்துக்கொண்டே வந்தார். பதினோரு பெயரும் வரிசை பிசகாமல் இருந்தன. அதில் நான்கு பேர் இன்னும் இருக்கிறார்கள்.

சொல்லி முடித்ததும் சவுரியம்மாள் துணியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இது எங்களுது. நான் எதுக்கு ஒங்கிட்ட குடுக்கணும்?"

"குடுக்க வாணாம் பெரீம்மா. ஒன்னுதுதான், வெச்சிக்க. கொஞ்சம் தண்ணி குடு."

முதல் நாள் தண்ணீர் மட்டும்தான். அந்தச் சட்டம் யாருக்காகவும் மாறாது. குடித்துவிட்டு, வெறும் பையோடு பஸ் ஏறினார். மறுநாள் காலையில் மேசைமேல் வைத்த பையை அறிவுச்செல்வன் இரண்டு முறை திறந்து பார்த்தார்.

"துணி எங்கம்மா?"

"சேர வேண்டிய எடத்துல இருக்குது சார்."

"எப்ப வரும்?"

"வந்தா வரும்."

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பாஞ்சாலி டீ வாங்கிவரப் போய்விட்டார். வெளியே தெனாவெட்டாக நடந்தாரே தவிர, உள்ளுக்குள் பயம்தான். சவுரியம்மாள் வீட்டுக் கூரை ஒழுகும். ஆடு எதையும் மேயும். ஒரு மழை, ஒரு வாய் போதும். பங்குனி மாதம் முழுக்க, வானத்தில் ஒரு துண்டு மேகம் தெரிந்தால்கூட அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாம் முறை போனபோது சவுரியம்மாள் கேப்பைக் கூழ் கொடுத்தார், துணியைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் முறை நான்கு பேரும் கூடியிருந்தார்கள். நூலகம் எப்படி இருக்கும், யார் யார் வருவார்கள், மழை ஒழுகுமா, நாங்கள் நினைத்தபோது வந்து பார்க்க விடுவார்களா என்று துருவித் துருவிக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தார்கள். பாஞ்சாலிக்கு அவர்களை ரொம்பப் பிடித்துப்போயிற்று. தன்னைப் போலவே பேரம் பேசுகிறவர்களை அவர் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை.

நான்காம் முறை, சித்திரையில் ஒரு பால்வேளை. சவுரியம்மாள் துணியைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார். "எடுத்துக்கினு போ. ஆனா மடிச்சி வெக்காத. அது தொங்குறதுக்குத்தான் செஞ்சது. எல்லாருக்கும் தெரியிற மாதிரி தொங்க வுடு."

"கண்ணாடிப் பொட்டி பத்தாது பெரீம்மா. செவுத்துலயே மாட்டச் சொல்றேன்."

பாஞ்சாலி பையிலிருந்து வெள்ளைத் துணிப்பையை எடுக்கும்போது கைப்பேசி அடித்தது. அறிவுச்செல்வன். குரலில் அத்தனை ஆவல்.

"குடுத்துட்டாங்களாம்மா? அப்பாடா! அந்த மூலையில இருக்குற முடிச்ச மட்டும் அவுத்துடாதீங்க. அவங்க போட்ட முடிச்சும்மா அது. கயிறு ரொம்ப முக்கியம்."

"சரி சார்" என்று சொல்லிக் கைப்பேசியைப் பைக்குள் போட்டார் பாஞ்சாலி. துணியை மடியில் வைத்துக்கொண்டு, கழுத்துச் சங்கிலியிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றினார். நாற்பத்தாறு வருஷம் இறுகிய முடிச்சு. ஊக்கு முனையால் நெம்பி, நகத்தால் இழுத்து, நார் ஒன்றும் அறுந்துவிடாமல் மெல்ல மெல்ல அவிழ்த்தார். கயிற்றைச் சுருட்டிச் சவுரியம்மாளின் உள்ளங்கையில் வைத்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மூடினார்.